ஸ்கேன் அறைக்கு எதிரே இருந்த கழிப்பறை

மருத்துவமனைத் துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர்களாகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். பினாயிலை எத்தனை மடங்கு தண்ணீரில் கலப்பது, எந்தத் தரைக்கு எந்தத் துடைப்பம் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நான் எழுதுவது நான்கரை வயதுக் குழந்தை ஒன்று எங்கள் கழிப்பறையில் ஒன்றுக்குப் போக முடியாமல் போனதைப் பற்றி. முதல் தடவை கேட்கும்போது நானும் சிரித்தேன்.

எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது. திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மூன்று மாடி, முப்பத்து நான்கு கழிப்பறை, நூற்றுப் பன்னிரண்டு குழாய். தினமும் காலையில் ஒரு சுற்றுப் போய் எண்ணினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். ஒரு குவளை குறைந்தாலும் மத்தியானம் வரை மனது அதிலேயே கிடக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியவன் நான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நிர்வாகம் தரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. அதற்காகப் பழைய கழிப்பறைகளை இடித்துக் கட்டினோம். வாளியும் குவளையுமாக இருந்த ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. இடிக்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதிக் கொடுத்ததும் நான்தான். தரைத்தளத்தில் ஸ்கேன் அறைக்கு எதிரே ஒரு கழிப்பறை. ஆண், பெண் என்று பிரிக்காமல், ஸ்கேனுக்கு வரும் நோயாளிகள் எல்லோருக்கும் பொதுவானது. உள்ளே இரண்டு தடுப்பு அறை, வெளியே கை கழுவும் இடம். எழுந்தவுடன் தானாகத் தண்ணீர் பாய்கிற பீங்கான், கையை நீட்டினால் சூடான காற்று அடிக்கிற டிரையர், விளக்கைப் போட்டால் கூடவே சுழலும் காற்றாடி, தானே சாத்திக்கொள்ளும் கதவு. யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. அதைத் திறந்த அன்று நான் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

யாழினி அங்கேதான் வந்தாள்.

சின்னாளபட்டியில் தறி போட்டிருக்கிற ஒருவரின் மகள். அம்மாவுக்குப் பிரசவமாகிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்ததால் அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு அந்த வருடம் நான்கு முறை குளிர்க்காய்ச்சல். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்குகிறது, தங்கியது மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதைக் கண்டுபிடிக்க நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு குழந்தை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்ததும் இன்னொரு ஸ்கேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எவ்வளவு தங்குகிறது என்று தெரியும். முதல் ஸ்கேன் முடிந்தது. இரண்டாவதற்கு அவள் என் கழிப்பறைக்குள் போய் வந்தாக வேண்டும்.

போன வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா.

"ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல."

"வீட்டுக்குப் போலாம்ப்பா. அது கத்துது."

யாரோ ஒருவர் கை கழுவிவிட்டு டிரையரில் கையை நீட்டியிருக்கிறார். அவ்வளவுதான். செவிலி ஒருவர் சிறுநீர் பிடிக்கும் பேசின் ஒன்றைக் கொண்டு வந்து தாழ்வாரத்து ஓரத்தில் வைத்துப் பார்த்தார். வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடம். குழந்தை கவுனை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்பா அவளைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். காவலாளி விரட்டிவிட்டார். வளாகத்தில் அசுத்தம் செய்யக்கூடாது என்ற பலகை அங்கே இருந்தது. அந்தப் பலகையும் நான் வைத்ததுதான். அப்படி மொத்தம் ஆறு பலகை.

சத்தம் கேட்டு நான் போனேன். நான் செய்ததை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். பயம் என்பது தெரியாததால் வருவது, காட்டிவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். குழந்தையை உள்ளே தூக்கி வரச் சொன்னேன்.

"பாப்பா, இங்க பாரு. தாத்தா கைய நீட்டுறேன். காத்துதான் வருது. பாத்தியா? இன்னொரு வாட்டி பாரு."

மூன்று முறை ஓடவிட்டேன். மூன்றாவது முறை அவள் அழவில்லை. அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விறைத்துப் போயிருந்தாள். அழுகை நின்றதை நான் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்கேன் எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் பாதி வழியில் தாங்க முடியாமல் அவள் நனைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றைய பதிவேட்டில் தரைத்தளக் கழிப்பறைக்கு நேராக "புகார் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் யாரும் புகார் செய்யவில்லை.

மறுவாரம் வந்தார்கள். இந்த முறை கழிப்பறை வாசலில் என்னைக் கண்டதுமே குழந்தை திரும்பி ஓடியது. தரைத்தளத்தைப் பார்த்துக்கொண்டவள் பேச்சியம்மாள். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். என்னைத் திட்டுவதற்குப் பயப்படாத ஒரே ஆள்.

"சார், செத்த அங்கிட்டுப் போங்க. ஒங்களப் பாத்தாலே பிள்ளைக்கு உள்ளுக்குள்ள இழுத்துக்கிருது."

"நான் என்ன பண்ணினேன்? மிஷின்தான் சத்தம் போடுது."

"மிஷினுக்கு மூஞ்சி இல்லைல்ல சார். பிள்ள ஒங்க மூஞ்சியத்தான் பிடிச்சு வச்சிருக்கு."

பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. குழந்தையின் அப்பாவிடம், பிள்ளையை இப்படிப் பயந்தாங்கொள்ளியாக வளர்க்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வீட்ல ரெண்டு தறி கெடக்கு சார். காலைல இருந்து பொழுது சாயிற வரைக்கும் அம்புட்டுச் சத்தம். அதுக்குப் பக்கத்துலயேதான் தூங்குவா. இடி இடிச்சாலும் முழிக்க மாட்டா. இங்க ஏன் இப்பிடிப் பண்றானு எனக்கே வெளங்கல" என்றார்.

அன்றும் ஸ்கேன் நடக்கவில்லை.

அவர் சொன்னது என்னை விடவில்லை. மறுநாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அந்தத் தடுப்பு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். நான்கரை வயதுக் குழந்தையின் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து பீங்கானில் உட்கார்ந்தேன். ஐம்பத்தொன்பது வயதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அப்படியே இருந்து எண்ணினேன்.

விளக்கைப் போட்டதுமே தலைக்கு மேலே காற்றாடி உறுமத் தொடங்கியிருந்தது. வெளியே யாரோ வந்தார்கள், கதவு தானாகச் சாத்திக்கொண்டு இரும்புச் சட்டத்தில் மோதியது. டிரையர் ஓடியது. நின்றது என்று மூச்சு விட்டபோது மறுபடி ஓடியது. முதல் மாடியில் யாரோ தண்ணீர் விட, சுவருக்குள் இருக்கும் குழாய் என் காதோரம் தடதடவென்று இறங்கியது. தாழ்வாரத்து ஒலிபெருக்கி டோக்கன் எண்ணைக் கத்தியது. மேலே தொட்டியை நிறைக்க மோட்டார் கிளம்பியது. ஆறு. ஏழாவது, நான் முழங்காலைத் தடவக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபோது வந்தது. எனக்குக் கீழேயே தண்ணீர் பேய் மாதிரி இரைந்து பாய்ந்தது. சுவரில் இருக்கும் சென்சார், எதிரே இருந்த ஆள் எழுந்துவிட்டாரா என்று பார்த்துத்தான் தண்ணீரை விடும். குழந்தையோ சின்ன உருவம். கொஞ்சம் குனிந்தாலும் அதன் பார்வையிலிருந்து நழுவிவிடும். அவள் உட்கார்ந்திருக்கும்போதே, ஆள் எழுந்து போய்விட்டதாக அது முடிவு செய்துவிடுகிறது.

தறி வேறு மாதிரி. அப்பா மிதிகட்டையைக் காலால் மிதித்தால் சத்தம் வரும், காலை எடுத்தால் நிற்கும். யார் போடுகிறார்கள், எப்போது நிற்கும் என்று குழந்தைக்குத் தெரியும். இங்கே ஏழு சத்தத்தில் ஒன்றுக்கும் ஆள் தெரியவில்லை. ஒன்றும் சொல்லிவிட்டு வரவில்லை.

பேச்சியம்மாள் கதவைத் தட்டினாள். "யாரு சார் உள்ள, நீங்களா? ரொம்ப நேரமா இருக்கீகளே, ஒடம்புக்கு முடியலையா?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"இங்கயுமா?" என்றாள்.

வெளியே வந்து அவளிடம் விவரத்தைச் சொன்னேன். இருவரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். பெரும்பாலும் அவள் யோசனை. சென்சாரின் கண்ணில் கறுப்பு டேப். கதவுச் சட்டத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். அந்தக் கழிப்பறையின் இயந்திரங்களுக்கு வரும் மின்சாரம் மாடிப்படியோரத்து சுவிட்சுப் பெட்டியிலிருந்து வந்தது. குழந்தை உள்ளே இருக்கும்வரை அதை அணைத்து வைப்பது, விளக்கு மட்டும் எரியும். முதல் மாடியில் அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் விடாதபடி ஒருவரை நிறுத்துவது. தொட்டி மோட்டாரையும் ஒலிபெருக்கியையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்கச் சொல்வது. முக்கியமானது, தண்ணீர் ஊற்றுவது குழந்தையின் கையில். பேச்சியம்மாள் ஒரு நீலக் குவளை வாங்கி வந்தாள்.

நான் என் பங்குக்கு அந்த வாரம் முழுவதும் ஒரு காரியம் செய்தேன். அந்தக் கழிப்பறைக்கு வந்த சின்னக் குழந்தைகள் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறித்து வைத்தேன். பதினேழு குழந்தைகள். அதிகபட்சம் மூன்றரை நிமிடம். அந்தக் கணக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். வந்தார்கள். முதல் ஸ்கேன் முடிந்தது. நான் அவள் கண்ணில் படாமல் சுவிட்சுப் பெட்டியருகே நின்றுகொண்டேன். பேச்சியம்மாள் குழந்தையின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தது அங்கிருந்து தெரிந்தது.

"ஏத்தா, இந்தக் குவளைல தண்ணி இருக்கு. எப்ப ஊத்தணும்னு நீதான் சொல்லணும். நீ சொல்லாம இங்க ஒரு சத்தமும் வராது. சரியா?"

"அந்தக் காத்து?"

"அது தூங்குது. நீ போயி எட்டிப் பாரு."

குழந்தை வாசலில் நின்று நீண்ட நேரம் உற்றுக் கேட்டது. பிறகு குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவோடு உள்ளே போனது. பேச்சியம்மாள் தாழ்வாரத்தில் ஒருவரும் வராதபடி நின்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு. அமைதியாக இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் மேனேஜர் வேகமாக வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், எப்போதும் ஓட்டமும் நடையும்தான். சான்றிதழுக்காக மூன்று மணிக்கு வர வேண்டிய ஆய்வுக் குழு அப்போதே வந்துவிட்டதாம். வரவேற்பறையைப் பார்த்து முடித்துவிட்டார்கள், அடுத்து இங்கேதான்.

"என்ன சார் இது? டிரையர் லைட் எரியல, ஃபேன் ஓடல. பழுதுனு எழுதிட்டுப் போயிருவாங்க சார்."

"உள்ள ஒரு குழந்த இருக்கு. சத்தத்துக்குப் பயப்படுது. அதான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"நாலு நிமிஷம் ஆகுது."

"நாலு நிமிஷம் பத்தாதா சார் ஒரு குழந்தைக்கு?"

பத்தும் என்றுதான் என் கணக்கும் சொன்னது. பதினேழு குழந்தைகள், மூன்றரை நிமிடம். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஆய்வுக் குழுவினர் கையில் அட்டையோடு திரும்புவது தெரிந்தது. நான் என் கணக்கை நம்பி சுவிட்சைப் போட்டேன்.

மின்சாரம் புதிதாக வரும்போது அந்தப் பீங்கானில் தண்ணீர் தானாக ஒரு முறை பாய்ந்துதான் நிற்கும். டிரையரும் ஒரு முறை ஓடிப் பார்த்துக்கொள்ளும். மாட்டியவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் குறித்தும் வைத்திருந்தேன். அந்த நொடியில் அது நினைவில் இல்லை. எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

அந்தக் குழந்தையின் அலறலை நான் விவரிக்கப் போவதில்லை.

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் சட்டையெல்லாம் தண்ணீர். குவளைத் தண்ணீர்தான், அவள் இன்னும் போகவில்லை. நான்கு நிமிடமும் அவள் பீங்கானில் உட்கார்ந்து, சத்தம் வருகிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். 'வராதுபோல இருக்குப்பா' என்று அப்போதுதான் சொன்னாளாம். அதை அவர் என்னிடம் பிறகு சொன்னார்.  வெளியே வந்தபோது, நான் சுவிட்சுப் பெட்டியருகே நிற்பதையும், என் கை இன்னும் அதன் மேலேயே இருப்பதையும் பார்த்தார். குழந்தையும் பார்த்தது.

"அந்தத் தாத்தாதான்ப்பா கத்த வச்சாரு."

ஆய்வுக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. டிரையருக்கு நேராக டிக் போட்டார்கள். அந்த வருடமே சான்றிதழ் கிடைத்தது, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

சாயங்காலம் பேச்சியம்மாள் என் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "நான் கதவுக்குப் பக்கத்துலதான சார் நின்னேன். 'ஏத்தா, முடிஞ்சிருச்சா'னு ஒரு வார்த்த என்னக் கேக்கச் சொல்லியிருந்தா எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?"

 பத்தே எட்டில் அவளிடம் போயிருக்கலாம். மேனேஜரிடம் இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தால் அவர் கத்தியிருப்பார், ஆனால் பொறுத்திருப்பார். அவசரத்தில் உங்கள் கையில் இருக்கிற கணக்கு ரொம்ப நம்பகமானதாகத் தெரியும். அது வேறு பதினேழு குழந்தைகளின் கணக்கு. உள்ளே இருப்பவள் அதில் இல்லை. உள்ளே யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். "வாரேன் சார், முகூர்த்தச் சேல கொஞ்சம் கெடக்கு, முடிச்சுட்டு வாரேன்" என்றார் அவள் அப்பா. மூன்றாவது முறை அவர் மனைவி எடுத்தார். பிள்ளை இப்போது வீட்டுக் குளியலறைக்குள் போகவே பயப்படுகிறாள், கொல்லைப்புறத்தில்தான் போகிறாள், அதுவும் பகலில் இரண்டு தடவையோ மூன்று தடவையோதான் என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்னாளபட்டி அரை மணி நேரப் பயணம். நான் போயிருக்கலாம். டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேட்டிருக்கலாம். இரண்டையும் தினமும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே குழாய்களை எண்ணினேன். பத்து வாரம் போய்விட்டது.

பதினோராவது வாரம் காலைச் சுற்றில் மூன்றாம் மாடிக் குழந்தைகள் வார்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். குளிர்க்காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டி முந்தைய நாள் சேர்த்திருந்தார்கள். யாழினி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி மாட்டி அட்டை வைத்துக் கட்டியிருந்தது.

டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இடது சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது என்றார். அது இனிப் பழையபடி ஆகாது. வலது பக்கத்தையாவது காப்பாற்ற வேண்டும், அதற்கு அந்த இரண்டு ஸ்கேனும் எடுத்தே ஆக வேண்டும்.

"பத்து வாரம் முன்னாடியே எடுத்திருந்தா இந்தத் தழும்பு வந்திருக்காதா டாக்டர்?"

"அப்படியெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாது சார்."

"தோராயமா?"

"சார், சொல்ல முடியாது" என்றார், கொஞ்சம் எரிச்சலாக.

காய்ச்சல் இறங்க நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் மத்தியானம் ஸ்கேன் என்று முடிவானது. நடமாடும் ஸ்கேன் கருவியை வார்டுக்கே கொண்டு வருவார்கள். குழந்தை தானாகப் போனால் சரி. போகாவிட்டால் சிறுநீர்ப் பாதைக்குள் டியூப் வைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. டாக்டருக்கு அதில் விருப்பமில்லை. இவ்வளவு பயந்த குழந்தைக்கு நான்கு பேர் கையைக் காலைப் பிடித்து டியூப் வைத்தால், அதன் பிறகு அவள் எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்க மாட்டாள் என்றார்.

இந்த முறை நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. பேச்சியம்மாளை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டு, "நீ சொல்லு, நான் செய்யுறேன்" என்றேன்.

"கரண்ட நிப்பாட்டுங்க சார். நான் வந்து சொல்ற வரைக்கும் யாரு கேட்டாலும் போடக்கூடாது. ஆசுபத்திரியே தீப்பிடிச்சாலும்."

வார்டுக் கழிப்பறையின் மின்சாரத்தை நிறுத்தினேன். மேலே ஒரு மாடியும் இல்லை, சுவருக்குள் குழாய் தடதடக்க வழியில்லை. தொட்டி மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மேனேஜர் இரண்டு முறை போன் செய்தார். மூன்றாவது முறை போனையே அணைத்து வைத்தேன். மாடிப்படி முகப்பில், சுவிட்சுப் பெட்டிக்கு முதுகு கொடுத்து நின்றேன். குழந்தை அப்பாவின் தோளில் சாய்ந்தபடி உள்ளே போனபோது என் முகம் அவளுக்குத் தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதனால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நீண்ட நேரம். உள்ளிருந்து குழந்தையின் குரல் கேட்டது. காற்றாடி ஓடாததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, அந்தத் தாத்தா இருக்காரா?"

 கதவு கொஞ்சம் திறந்தது. அவள் அப்பா எட்டிப் பார்த்தார், நான் நிற்பதைப் பார்த்தார்.  பிள்ளையிடம் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு, அது எழுந்து வந்து பார்த்துவிட்டால் இனி அவர் சொல்லும் எதையும் அது நம்பாது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

பெட்டியைப் பூட்டினேன். சாவியைத் தாழ்வாரத்தில் நின்ற பேச்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினேன்.

"போயிட்டாரு தங்கம்" என்றார் அவர்.

"எங்க? கீழயா?"

கொஞ்சம் தயங்கினார். "வீட்டுக்குப் போயிட்டாரும்மா."

இரண்டாம் மாடியில் நின்றேன். அங்கேயும் அவள் குரல் லேசாகக் கேட்டது. அது கேட்கிற இடத்தில் நான் இருக்கக்கூடாது என்று தோன்றியது. தரைத்தளம் வரை இறங்கினேன். மணி மூன்று இருக்கும், என் வேலை ஆறு மணிக்குத்தான் முடியும். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட முன்னதாகக் கிளம்பியவன் இல்லை. பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் போன் அணைந்து கிடப்பது ஞாபகம் வந்தது. போட்டேன். சிறிது நேரத்தில் பேச்சியம்மாள் கூப்பிட்டாள்.

"சார், எங்க இருக்கீக?"

"பஸ்ஸுல. வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

"பிள்ள போயிருச்சு சார். டியூப் வேண்டாம்னுட்டாக."

 வண்டி இரைச்சலில் கேட்கவில்லையோ என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

"கேக்குது" என்றேன்.

"முடிச்சுட்டு வெளிய வந்ததும் அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு நேரா மாடிப்படிக்குத்தான் சார் வந்துச்சு. கம்பியப் பிடிச்சுக் குனிஞ்சு கீழ வரைக்கும் பாத்துச்சு, நீங்க இருக்கீகளானு."

"இல்லைல்ல?"

"இல்ல சார்" என்றாள்.